பழைய வேனும் பாட்டரியும்



தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் சிலருக்கு ஒரு பழைய வேனே மூலதனம். விடியுமுன் இட்லி மாவையோ காய்கறியையோ ஏற்றிச் செல்லவேண்டிய வேளையில், சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாவிடில் அன்றைய வரும்படி போயிற்று. உடனே நாம் புதிய பாட்டரி வாங்க ஓடுகிறோம். சில நாட்களில் அதுவும் ஓய்ந்துவிடக்கூடும். பாட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பானை. அதனை நிரப்புவது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர். நிரப்புவது பழுதாயிருக்கப் பானையை மாற்றிப் பயனில்லை.

1984 முதல் 2019 வரை நம் நாட்டில் உற்பத்தியான மாருதி வேன் போன்றவற்றில் குறையைக் கண்டறிய ஒரு சிறு மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் பாட்டரியின் இரு முனைகளிலும் அளப்போம். 12.6 வோல்ட் எனில் அது நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழெனில் வறண்டுவிட்டது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு அளப்போம். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் மின்னூட்டம் சீராக நடைபெறுகிறது. 13-ஐ எட்டாவிடில் நடைபெறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரியின் நீர் விரைவில் வற்றிவிடும்.

மின்னூட்டம் இல்லையென்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட வேண்டா. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்துள்ளதா என்று விரலால் அழுத்திப் பார்ப்போம். பாட்டரி முனைகளில் வெண்மையோ பச்சையோ பூத்திருப்பின், கம்பிகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைப்போம். கழற்றுகையில் எதிர்முனை முதலில். மாட்டுகையில் அதுவே கடைசியில். எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் கம்பி துருவேறியுள்ளதா என்றும் நோக்குவோம். சாவியைத் திருப்பியதும் சிவப்பு பாட்டரி விளக்கு எரிகிறதா என்பதும் முக்கியம். பல பழைய வண்டிகளில் அவ்விளக்கின் வழியாகவே ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் செல்கிறது. சிறு பல்பு ஒன்று போனாலும் மின்னூட்டம் நின்றுவிடக்கூடும்.

எஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோக் காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் உள்ளிருக்கும் டயோடுகள் கெடும். பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் பீடி, தீக்குச்சி கூடா.

தமிழகத்தில் நாம் அறியாத கடுங்குளிர் வட இந்தியாவில் மார்கழி, தை மாதங்களில் வருகிறது. குளிரில் பாட்டரியின் வலிமை குறையும். எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சினும் சுழலத் தயங்கும். எனவே ஐப்பசியிலேயே இச்சோதனையை முடித்துக்கொள்வோமாக. அளந்து பார்த்தபின் வாங்கினால் பணமும் மிஞ்சும், பிழைப்பும் தடைப்படாது.