ரத்தத்திலே இருக்கிறதா, ஐயா?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் தம் மகளைக் கூட்டிவந்தார்கள். மனச்சிதைவு நோய். கோவில், மந்திரவாதி, ஜெபக்கூட்டம் என்று இரண்டு வருடம் அலைந்தபின் வந்தவர்கள். (ஜெபக்கூட்டத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன், மறைப்பானேன்?) உங்கள் காணிக்கையில் வாங்கிய மாத்திரைகளால் மகள் தேறிவந்தாள். ஒருநாள் தாயார் என் அறையில் உட்கார்ந்து கேட்டார்கள்: "இது ரத்தத்திலே இருக்கிறதா, ஐயா? சிப்காட்டில் வேலை செய்யும் என் மகன் யாரோடும் சேரமாட்டான். எல்லாரும் தன்னைப்பற்றியே பேசுகிறார்கள் என்பான். அவனுக்கும் வருமா? பெண் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் சொல்லவா, மறைக்கவா?"

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன், மருத்துவம் படித்தவனல்ல. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

இந்நோய் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால், 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவர் தப்பிவிடுவதே பாதிக்கு மேல்.

2016-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 'சி4' என்ற ஜீனைப்பற்றி எழுதினார்கள். காயம்பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அந்த அழற்சியிலும் நோய் எதிர்ப்பிலும் இதற்குப் பங்குண்டு. வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளை நீக்கவும் இது உதவுகிறது. நம் ஓசூர் ரோஜாத் தோட்டத்தில் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் செடி தாங்குமா? ஆனாலும் இந்த ஒரு ஜீன் கூட்டும் அபாயம் சிறியதுதான். சென்னை 'ஸ்கார்ஃப்' நிறுவனமும் சேர்ந்து, 3000-க்கு மேற்பட்ட இந்தியரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, நயாசின் என்ற வைட்டமினோடு தொடர்புள்ள வேறொரு ஜீனைக் காட்டியது.

இனி மகனுடைய சுபாவம். ஒதுங்குதல், சந்தேகம், விநோத எண்ணங்கள் ஆகியவற்றை 1962-லேயே பால் மீல் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 'ஸ்கிட்சோடைப்பி' என்றார். அழற்சி ஜீன்களை இக்குணங்களோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. இக்குணமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதுமில்லை. தூக்கம் கெட்டு, காதில் குரல் கேட்டு, வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் அன்றே கூட்டிவரவேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸும் சுமார் 40 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

"சொல்லிவிடுங்கள் அம்மா. நோயின் பெயரையும் சொல்லுங்கள், வராமல் தப்பும் அந்த 91 பேரையும் சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னார்கள். பெண் வீட்டார் இன்னும் பதில் தரவில்லை. இப்போது அக்காளை மாதந்தோறும் மருந்துக்குக் கூட்டிவருகிறவன் அந்தத் தம்பிதான். வராந்தாவின் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருப்பான். நான் போய் தோத்திரம் சொன்னால், தலையை மட்டும் அசைப்பான்.