முடி சாய்ந்தது, கதை முடிந்ததா?

நாடகம் எழுதிப் பழகியவன் நான். மேடையிலே கொடுங்கோலன் வீழ்ந்ததும் கொட்டகை அதிரக் கைதட்டல் எழும், திரை விழும், விளக்கு அணையும். வரலாறு அவ்வளவு விரைவிலே திரையை இறக்குவதில்லை. மன்னன் வீழ்ந்த பிறகுதான் அங்கே அடுத்த காட்சி தொடங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியின் கதை அத்தகையது.

1789-க்கு முந்திய பிரான்சைப் பாருங்கள். ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் மக்கள். அவர்களை மூன்று தட்டுகளாக அடுக்கி வைத்திருந்தது சட்டம். முதல் தட்டிலே குருமார்கள். நாட்டு நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்குச் சொந்தம். இரண்டாவது தட்டிலே பிரபுக்கள். பெரும்பதவிகள் அவர்கள் வீட்டு முற்றத்தில் விளைந்தவை. மூன்றாவது தட்டில்? மற்ற எல்லோரும்! நூற்றுக்கு 97 பேருக்கு மேல்!

உழவன் அங்கேதான் இருந்தான். அரசுக்கு வரி, திருச்சபைக்குத் தசமபாகம், பிரபுவுக்குக் கப்பம், உப்புக்கும் தனி வரி! அதே தட்டிலே கப்பல் வணிகரும் வழக்கறிஞரும் இருந்தனர். பணம் இருந்தது அவர்களிடம், படிப்பு இருந்தது, பிறப்பு மட்டும் குறுக்கே நின்றது. உழவன் வயிற்றிலே பசி. வழக்கறிஞன் நெஞ்சிலே அவமானம். பசியும் அவமானமும் கைகோத்தன, புரட்சி பிறந்தது.

கைகோக்க வைத்தது எது? கருத்து! 1717-இல் பாஸ்டீல் சிறையிலே அடைபட்டவர் வால்டேர். முடியாட்சியை ஒழிக்கச் சொன்னவரல்லர் அவர். ஆயினும் மதவெறியை எள்ளி நகையாடினார். அதிகாரத்தை ஒரே கையில் குவிக்காதீர் என்று 1748-இல் எழுதினார் மாண்டெஸ்கியூ. ஜெனீவா நகரத்துக் கடிகாரத் தொழிலாளியின் மகன் ரூசோ, ஆளும் உரிமை மக்களுடையது என்று 1762-இல் முழங்கினார். வால்டேரும் ரூசோவும் 1778-இல் கண்மூடினர். அவர்கள் ஏற்றிய விளக்கோ அணையவில்லை.

கருவூலம் காலி. அரசின் செலவிலே பாதியளவு கடனுக்கே போயிற்று. 1788-இல் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. ரொட்டி விலை விஷமாய் ஏறிற்று. வேறு வழியின்றி, 175 ஆண்டுகளாகக் கூட்டாத மூன்று பிரிவினர் மன்றத்தை 1789 மே 5 அன்று கூட்டினான் பதினாறாம் லூயி. வரி கேட்க அழைத்தான். மூன்றாம் பிரிவினர் உரிமை கேட்டனர். ஜூன் 17 அன்று, நாங்களே தேசிய மன்றம் என்று அறிவித்தனர்!

ஜூலை 14. பாஸ்டீல் கோட்டையை நோக்கி ஓடியவர் யார்? மன்றத்திலே பேசிய வழக்கறிஞர்களா? தச்சர், பூட்டுத் தொழிலாளி, செருப்புத் தைப்பவர், சிறுகடைக்காரர்! உள்ளே கிடந்த கைதிகள் 7 பேர். வெளியே மாண்ட வீரர்கள் ஏறக்குறைய 100 பேர். அக்டோபர் 5 அன்று, ரொட்டி எங்கே என்று கேட்டு, கொட்டும் மழையில் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்தவர்கள் பாரிஸ் நகரத்துப் பெண்கள். மறுநாள் மன்னனையே பாரிசுக்கு அழைத்து வந்தனர்!

இனி அடுத்த காட்சி, தோழர்களே!

மனிதர் பிறப்பிலே சமம் என்று ஆகஸ்ட் 26 அன்றே மன்றம் பறைசாற்றியிருந்தது. ஆனால் 1791-இன் அரசியல் சட்டம் என்ன செய்தது? மூன்று நாள் கூலிக்கு ஈடான வரி கட்டாதவனுக்கு வாக்கு இல்லை என்றது! அதே ஆண்டு ஜூன் 14 அன்று, தொழிலாளர் சங்கம் சேர்வதையும் வேலைநிறுத்தத்தையும் தடுத்தது ஒரு சட்டம். கோட்டையை உடைத்த கைக்குப் புதிய விலங்கு! பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று எழுதிய ஒலிம்ப் டி கூஷ், 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினுக்கு இரையானார். அரசனின் தலை வீழ்ந்து பத்துத் திங்கள்கூட ஆகவில்லை!

ஆயின் புரட்சி பொய்யா? இல்லை. எழுதியவர் மனத்தைவிடப் பெரியது, அவர் எழுதிய சொல். 'எல்லோரும்' என்று எழுதிவிட்டார்கள். விடுபட்டவர்கள் அந்தச் சொல்லையே கையிலேந்தி வந்தார்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகள் ஹைட்டியில் கிளர்ந்தெழுந்தனர். 1804-இல் விடுதலை நாடு கண்டனர். பிரான்சின் ஆண்கள் அனைவரும் 1848-இல் வாக்கு பெற்றனர். 1884-இல் தொழிற்சங்கம் சட்டமுறையாயிற்று. வெர்சேல்சுக்கு நடந்த பெண்களின் பேத்திமார்க்கும் பேத்திமார் வாக்குரிமை பெற்றது எப்போது? 1944-இல்! 155 ஆண்டுகள்!

ஆகவே தோழர்களே, 'மக்கள் வென்றனர்' என்று எவர் கூறினாலும் மகிழுங்கள். மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மக்களின் கணக்கிலே உழுபவன் உண்டா? உழைப்பவன் உண்டா? பெண் உண்டா? ஒருவர் விடுபட்டிருந்தாலும் திரையை இறக்காதீர்கள். நாடகம் இன்னும் முடியவில்லை!