மரபணு யாருடைய கையில்?

(எர்ணாகுளம் மாவட்டம் மட்டாஞ்சேரியில் நடைபெற்ற அறிவியல் விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மரபணுப் பொறியியல் என்றதும் வியப்பும் அச்சமும் ஒருசேர எழுகின்றன. முதலில் அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உயிரணுவிலுள்ள டிஎன்ஏ இழையில், எந்தப் புரதம் உருவாக வேண்டும் என்ற குறிப்பைத் தாங்கிய பகுதியே மரபணு. அதை நொதிகளால் வெட்டி எடுத்து வேறோர் உயிரின் டிஎன்ஏவில் இணைத்தால், அவ்வுயிரும் அப்புரதத்தை உருவாக்கும். மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பெற்ற பாக்டீரியா, இன்சுலினைச் சுரக்கும் ஆலையாக மாறியது. 1982இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது.

இதே நுட்பம் வயலுக்கு வந்தபோது லாபம் முன்னே நின்றது. 2002இல் பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி வழங்கப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைப் பருத்திச் செடியிலேயே உருவாக்கியது. தொடக்கத்தில் பூச்சிமருந்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அது கலப்பின விதையாக விற்கப்பட்டதால் விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்க நேர்ந்தது. விலையோடு மான்சாண்டோவின் உரிமத் தொகையும் சேர்ந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ அந்த நஞ்சை எதிர்த்து வாழப் பழகிவிட்டது.

கேரளத்தின் அனுபவம் ரப்பரில் இருக்கிறது. கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஒரு பொதுத்துறை நிறுவனம். ரப்பர் மரத்தின் மரபணு ஒன்றையே கூடுதலாக அதில் செலுத்தி, குளிரையும் வறட்சியையும் தாங்குவதற்கான கன்றுகளை அது உருவாக்கியது. கள ஆய்வுக்குக் கேரள அரசு இசையவில்லை. 2021 ஜூனில் அக்கன்றுகள் குவாஹாத்தி அருகே நடப்பட்டன.

இங்கே பன்னாட்டு நிறுவனம் இல்லை. அந்நிய உயிரின் மரபணுவைப் பயிருக்குள் கொண்டுவரும் நோக்கமும் இல்லை. எனினும் கேள்விகள் தீரவில்லை. கேரளத் தேனீக்களுக்குப் பெரும் உணவு ரப்பர் தோட்டங்களிலிருந்தே கிடைக்கிறது. பல்லாண்டுகள் நிற்கும் மரத்தின் விளைவை ஒரு பருவத்தில் அளந்துவிட முடியாது. ஆகவே பொதுத்துறை என்பது அவசியமான நிபந்தனை; அதுவே போதுமானதாகிவிடாது.

2010 பிப்ரவரியில் பிடி கத்தரிக்காய்க்கு விதிக்கப்பட்ட இடைக்காலத் தடை, விவசாயிகளும் அறிவியலாளர்களும் மாநில அரசுகளும் பேசினால் ஒன்றிய அரசு செவிசாய்க்க வேண்டியிருக்கும் என்பதைக் காட்டியது.

அறிவியலை எதிர்ப்பது இடதுசாரிகளின் வழியன்று. ஆய்வு பொதுநிதியில் நடக்கட்டும். முடிவுகள் மக்கள் முன் வைக்கப்படட்டும். மாநிலங்களின் இசைவு கட்டாயமாகட்டும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை விவசாயியிடமே நிலைக்கட்டும். இக்கோரிக்கைகளை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.