சவ்வா, படலமா? எரிபொருள் கலத்திற்கு ஒரு கலைச்சொல்



இங்கிருந்து சிறிது தொலைவில், ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளது. எரிபொருள் கலங்களுக்கான பாலிமர் 'மெம்பிரேன்'களைச் செம்மைப்படுத்தும் ஆய்வுகள் அங்கு நடந்துள்ளன. அவற்றைத் தமிழில் எடுத்துரைக்க முற்பட்டால் முதற்சொல்லிலேயே இடறுகிறோம். 'சவ்வு' என்பாரும் உளர். 'படலம்' என்பாரும் உளர்.

பொருளின் தொழிலை முதலில் காண்போம். கலத்தின் ஒருபுறம் புகும் ஹைட்ரஜன், பிளாட்டினத்தின் துணையால் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. நடுவிலுள்ள மெல்லிய தாள் புரோட்டானை மட்டும் செல்லவிடும். எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியே சுற்றிவர வேண்டும். அந்த ஓட்டமே நமக்கு மின்சாரம். மறுபுறம் இரண்டும் ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன.

1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் சென்ற கலங்களில் சல்போனேற்றிய பாலிஸ்டைரீன் இருந்தது. அது நெடுநாள் தாங்கவில்லை. பின்னர் டூபாண்ட் நிறுவனத்தின் நாஃபியான் அவ்விடத்தைப் பெற்றது. அதுவும் ஈரமிருந்தால்தான் நன்கு கடத்தும், 100 பாகை செல்சியசைத் தாண்டினால் உலர்ந்து திறன் குன்றும், விலையும் மிகுதி. எனவே ஸ்கூடாய் ஆய்வாளர்கள் சல்போனேற்றிய பாலி ஈதர் ஈதர் கீட்டோனைக் கையாண்டனர். அமிலத் தொகுதிகளைக் கூட்டினால் புரோட்டான் எளிதிற் செல்லும். அளவு மிஞ்சினால் தாள் நீருண்டு வீங்கி வலுவிழக்கும். ஹைட்ரஜனுக்கு மாற்றாக மெத்தனாலைப் பயன்படுத்தும் கலங்களில் எரிபொருளே மறுபுறம் கசிந்துவிடும். அதைத் தடுக்க நுண்ணிய களிமண் தகடுகளைக் கலந்தனர். மெத்தனால் அவற்றைச் சுற்றி வளைந்து செல்ல நேர்வதால் கசிவு குறைகிறது. நம் குயவரின் மண்ணுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இனிச் சொல்லுக்கு வருவோம். சவ்வு உயிரியலுக்குரியதாகவே இருக்கட்டும். படலம் என்பது தனித்து நின்றால் கண்ணில் படர்வதையும் காப்பிய உட்பிரிவையும் குறிக்கும், அடைமொழி வேண்டும். 'புரோட்டான் பரிமாற்றப் படலம்' என்பது ஆங்கிலத்தை அடியொற்றிய வழக்கு. பரிமாற்றத்தில் கொடையும் கொள்ளலும் உண்டு. இங்கு நிகழ்வதோ ஒருவழிச் செலவு. ஆகவே 'புரோட்டான் கடத்துபடலம்' என்னும் வினைத்தொகையே பொருந்தும் என்பது என் துணிபு. ஹைட்ரஜனை 'நீரகம்' என்பாரோடு எனக்குப் பூசலில்லை. இலங்கைத் தமிழர் 'ஐதரசன்' என்றெழுதியே வேதியியல் பயின்றனர். தனிமத்தின் பெயர் எதுவாயினும், தொழிலை உணர்த்தும் சொல் பிழைபடலாகாது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். அதன்பின் இத்தகைய சொற்களை அவர்களுக்குத் தரப் பாடநூல் இல்லை; இம்மன்றம் போன்றவையே தரவேண்டும். எனவே 'கடத்துபடலம்' என்பதை மன்றத்தின் சொற்பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். மறுப்புடையோர் இப்போதே எழுந்து கூறலாம்.