இடம் மாறிய தீர்ப்பு: புற்றுநோயாளியின் முள்ளெலும்பு முறிவும் நுண்துளை சிகிச்சையும்

புற்று பரவிய எலும்பு முறியப் பெரிய அடி வேண்டியதில்லை. குனிந்து குடத்தைத் தூக்கும்போதோ, கட்டிலில் புரண்டு படுக்கும்போதோ, ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறும்போதோ முள்ளெலும்பு அமுங்கிவிடும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்று எலும்பைத் தேடிப் பரவும்; மைலோமா எலும்பு மஜ்ஜையிலேயே பிறக்கும். எலும்பை அரிப்பது பெரும்பாலும் உடலின் சொந்த அணுக்களே. பழைய எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்க உதவும் அவ்வணுக்களைப் புற்று தூண்டிவிடுகிறது. பெரும்பாலும் கரைப்பு ஓங்கிக் கட்டுமானம் பின்தங்குகிறது. சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்து முறிவுகளைக் குறைப்பது அந்த அணுக்களை அடக்குவதால்தான்.

இவை அவையோர் அறிந்தவை. எலும்பு மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒருங்கே அமர்ந்த அவையில், போடிநாயக்கனூரில், இப்பொருளில் தலைமையுரை ஆற்றும் பொறுப்பு பெருமைக்குரியது, தயக்கமும் தருவது. அறிவிக்கப்பட்ட தலைப்பான நுண்துளை முறைகளை முதலில் சுருக்கமாகக் காணலாம். 1984இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேரும் டெராமோனும் கழுத்து முள்ளெலும்பு ஒன்றுக்குள் ஊசி வழியே எலும்பு சிமெண்டைச் செலுத்தினர்; 1987இல் அது அச்சேறியது. 1990களின் இறுதியில், அமுங்கிய எலும்பைப் பலூனால் நிமிர்த்திவிட்டுச் சிமெண்ட் நிரப்பும் முறை வந்தது. வெப்பத்தாலோ உறைகுளிராலோ கட்டியை அழிப்பதும், இடுப்பெலும்பில் தோல்வழித் திருகுகள் பொருத்துவதும் பின்னர் சேர்ந்தன. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளுக்குக் கணக்கு வேறு. சிமெண்ட் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆகவே அங்கே உள்ளே கம்பி செலுத்துவதே முறை. முறியும் முன்பே கம்பி வேண்டுமா என்று முடிவு செய்ய 1989இல் மிரெல்ஸ் தந்த 12 புள்ளிக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது.

நின்று பேச வேண்டியது வேறொன்று. 2009இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 78 பேர், மற்றதில் 131 பேர். பாதிப்பேருக்கு உண்மையான சிமெண்ட். மீதிப்பேருக்கு ஊசி, உணர்விழப்பு மருந்து, அறையெங்கும் சிமெண்டின் நெடி, ஆனால் எலும்புக்குள் எதுவும் செல்லவில்லை. இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. நேர்மையான, துணிவான ஆய்வுகள் அவை. அதன் பின் முள்ளெலும்புச் சிமெண்டே பயனற்றது என்ற பேச்சு பரவி, பாடநூல் அடிக்குறிப்புகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் நிலைத்துவிட்டது.

அவ்விரு ஆய்வுகளும் எடுத்துக்கொண்டது எலும்பு மெலிவால் வந்த முறிவுகளை. புற்று அரித்த முள்ளெலும்பு அவற்றில் இடம்பெறவில்லை. மெலிந்த எலும்பு சில வாரங்களில் தானே கூடும். வலியும் தானே தணியும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முடிவு ஒன்றாய்த் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புற்று குடியிருக்கும் எலும்பு அப்படிக் கூடாது. அரிப்பு நிற்கும்வரை நாளுக்கு நாள் அமுங்கும். இம்முறை பிறந்த கதையையும் நினைவில் வைக்க வேண்டும். அமியானில் சிமெண்ட் சென்றது ரத்தநாளக் கட்டி அரித்த எலும்புக்குள். கட்டிக்காகத் தோன்றிய சிகிச்சையை, கட்டியே இல்லாதவர்களின் ஆய்வை வைத்துக் கட்டி உள்ளவர்களுக்கு மறுப்பது முறையாகாது. அத்தீர்ப்பை இடம் மாற்றிப் பொருத்திய மூத்தோரின் எச்சரிக்கையுணர்வு மதிக்கத்தக்கது, முடிவு ஏற்கத்தக்கதன்று.

புற்றுநோயாளிகளையே எடுத்துக்கொண்ட ஆய்வு 2011இல் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் 22 மருத்துவமனைகளில் 134 பேர். மைலோமா நோயாளிகள் மிகுதி. ரோலண்ட்–மோரிஸ் வினாத்தாளில், 24க்குக் கணக்கிடப்படும் இயலாமை மதிப்பெண் பலூன் முறை பெற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் 17.6இலிருந்து 9.1ஆக இறங்கியது. மற்றவர்களுக்கு 18.2, 18.0 என அசையாமல் நின்றது. குறைகளும் உண்டு: யாருக்கு எது நடந்தது என்பது மறைக்கப்படவில்லை, பலூன் தயாரிக்கும் நிறுவனமே செலவை ஏற்றது, ஒரு மாதத்துக்குப் பின் மறுதரப்பினர் பலரும் பலூனுக்கு மாறிக்கொண்டனர். இவற்றை ஒளிக்காமல் சொன்ன பிறகும் அந்த இடைவெளி பெரிதே.

சிமெண்டின் ஆதரவாளர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சிமெண்ட் எலும்பைத் தாங்குமே தவிரப் புற்றை அடக்கும் என்று நம்ப முடியாது. பின்சுவர் உடைந்த முள்ளெலும்பில் அது தண்டுவடத்தின் பக்கம் கசியலாம். சிரை வழியே நுரையீரலையும் எட்டலாம். கால் மரத்து, நடை தளர்ந்து, சிறுநீர் அடைபட்டவருக்கு முதல் தேவை தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை நீக்குவது. 2005இல் 101 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். அங்கே ஊசியைக் கையிலெடுப்பது காலத்தை வீணாக்குவது.

எஞ்சுவது, சிகிச்சையின் பயனை அளக்கும் அளவுகோல். ரோலண்டும் மோரிஸும் 1983இல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சூழலில் உருவாக்கிய 24 வாக்கியங்கள் எளியவை. ஆம், இல்லை என்றாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் வாய்மொழியாய்க் கேட்கலாம் என்று வாதிடுவோர் சொல்வது சரியே. படியேறுவது, உடை உடுப்பது, குனிவது எல்லாம் அதில் உண்டு. வண்டிப் பயணம் இல்லை. போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து, தரையை ஒட்டியே கிளம்புவதால், காய் எடுப்பது நாள் முழுதும் குனிந்தும் குத்தவைத்தும் செய்யும் வேலை. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய பெண்ணின் முதுகுவலி இங்கே எளிதில் வேலை வலி என்று பெயர் பெற்றுவிடும். தைலமும் உருவி விடுதலும் தொடரும். படுத்தால் தணியாத வலி, இரவில் எழுப்பும் வலி என்று கேட்டறிந்தால் போதும், எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப. சாதாரண எக்ஸ்ரே எலும்பின் கணிசமான பகுதி கரைந்த பிறகே குறையைக் காட்டும்.

அளவுகோலுக்குத் திரும்பினால், 1980இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாளின் பத்துப் பகுதிகளில் சுமை தூக்குதல் ஒன்று, உறக்கம் ஒன்று, பயணம் ஒன்று. மெட்டு ஏறி இறங்கிப் பிழைப்பவர்களுக்கு அதுவே பொருந்தும். இங்கே நுண்துளை சிகிச்சை பெறுவோருக்கு அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். பயணப் பகுதியில் ஜீப் குலுக்கலையும், சுமைப் பகுதியில் காய் மூட்டையோடு சரிவிறங்குவதையும் தமிழில் கேட்க வேண்டும்.

பயணம் சிகிச்சைத் தேர்விலும் நுழைகிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் பாதை 2010 இறுதியில் மூடப்பட்ட பின் 2023 ஜூனில்தான் போடிக்கு ரயில் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மதுரைக்குக் கதிர்வீச்சுக்குப் போனவர்கள் முறிந்த முதுகோடு பெரும்பாலும் சாலை வழியேதான் போக வேண்டியிருந்தது. எலும்பு வலிக்கு 8 கிரே கதிர்வீச்சை ஒரே தவணையில் கொடுப்பதும் பல தவணைகளாய்ப் பிரித்துக் கொடுப்பதும் வலியை ஒரே அளவில் தணிக்கின்றன. ஒரே தவணை பெற்றவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கும், பல தவணை பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் பின்னர் மறு கதிர்வீச்சு தேவைப்பட்டது. பத்து முறை மதுரை போவதை இந்த வேறுபாட்டோடு எடைபோட்டு நோயாளியிடமே கேட்க வேண்டும். எலும்பு நிலையற்றிருந்தால் முதலில் சிமெண்ட் வைத்து நிலைப்படுத்தி, பிறகு அந்த ஒரே தவணைக்கு அனுப்புவது இவ்வட்டாரத்துக்கு ஏற்ற வரிசை.