கேள்வி கேட்கும் புரோகிராமுக்குப் பதில் சொல்வது யார்?

(கந்தர்வக்கோட்டையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பற்றிப் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். தலைப்பைச் சொன்னதும், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கொஞ்சம் கவலையோடு கேட்டார். முன்னால் போட்டிருக்கிறார்கள். ஆகவே பயப்படாதீர்கள், பந்தி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சர்வர், ரூட்டர், ஸ்விட்ச் இவற்றோடு மாரடிக்கிறவர்கள் இன்றைக்கும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் பிழைக்கிறோம். அந்தக் கட்டளைகளில் ஒரு ரகம், தாலுகா ஆபீஸ் கவுண்டர் மாதிரி. பெயர் கேட்கும், சொன்னால்தான் அடுத்த கேள்வி. கடைசியில், "நிச்சயமாகத்தானா? ஒய்-யா, என்-னா?" என்று வேறு கேட்கும். ஒரு மெஷின் என்றால் பரவாயில்லை. நாற்பது மெஷின், ஒவ்வொன்றிலும் அதே பதினோரு கேள்வி, அதுவும் ராத்திரி ஷிஃப்ட் என்றால்? நம்மைப் போலச் சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து போகிற பலருக்குக் கிடைக்கிற முதல் வேலை இதுதான். அதனால்தான் இந்தத் தலைப்பு.

பதில்களை ஒரு ஃபைலில் எழுதி உள்ளே தள்ளிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சிலவற்றுக்கு அது போதும். ஆனால் பாஸ்வேர்டு கேட்கிற புரோகிராம்களில் பல, ஃபைலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரே டெர்மினலைத் திறந்து அங்கிருந்துதான் வாங்கும். எதிரில் டெர்மினல் இல்லை என்று தெரிந்தால் நடத்தையையே மாற்றிக்கொள்கிற புரோகிராம்களும் உண்டு. ஆகவே, எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து தட்டுகிறார் என்று அதை நம்பவைக்க வேண்டும். யூனிக்ஸில் அதற்குப் போலி டெர்மினல் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை வைத்து, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த டான் லைப்ஸ் 1990-ல் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை வெளியிட்டார். "இந்த வாசகம் வந்தால் இந்தப் பதிலைச் சொல்" என்று எழுதிவைத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். நல்ல கருவி, இன்றும் புழங்குகிறது.

அதே போலி டெர்மினலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியவர் ஜெர்மனியின் ஆலிவர் லௌமன். 1987-ல் அவர் செய்த 'ஸ்கிரீன்', ஒரே டெர்மினலுக்குள் பல டெர்மினல்களைத் திறந்துவைக்கும். வெளியே தொடர்பு அறுந்தாலும் உள்ளே வேலை ஓடிக்கொண்டே இருக்கும். 2007-ல் நிக்கோலஸ் மேரியட் எழுதத் தொடங்கிய 'டீமக்ஸ்' அதற்குத் தம்பி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர்களுக்கு, தொடர்பு அறுவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்களில் பலர் டீமக்ஸை அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

சரி, அது எப்படித் தானாகப் பதில் சொல்லும்? மூன்றே காரியம். 'நியூ-செஷன்' என்று யாரும் பார்க்காத ஒரு திரையைப் பின்னணியில் திறக்கலாம். 'சென்ட்-கீஸ்' என்று அதில் தட்டலாம், என்டர் உட்பட. 'கேப்சர்-பேன்' என்று அந்தத் திரையில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் படிக்கலாம். தட்டு, படி, யோசி, மறுபடி தட்டு. நம் ஆட்கள் ராத்திரி முழுக்கச் செய்வதும் இதுதானே?

இதில் எல்லோரும் முதலில் இடறுகிற இடம் ஒன்று உண்டு. கேள்வி வருவதற்காகக் காத்திருக்காமல், "ஐந்து விநாடி பொறு, பிறகு பதிலைத் தட்டு" என்று எழுதிவிடுவார்கள். தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்குக் காத்திராமல், ஸ்டாப்புக்குப் பத்து எண்ணிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தால் எப்படி இருக்கும்? சும்மா இருக்கிற நாளில் சரியாகப் போகும். முகூர்த்த நாளில் பாட்டி ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்பார். ஆகவே அரை விநாடிக்கு ஒருமுறை திரையைப் படித்து, எதிர்பார்த்த கேள்வி வந்த பிறகே தட்ட வேண்டும். ரொம்ப நேரமாகியும் வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. வேலை முடிந்ததை அறிய, கடைசியில் 'முடிந்தது' என்று திரையில் எழுதச் சொல்லி ஒரு கட்டளை கொடுப்போம். ஆனால் நாம் தட்டுகிற கட்டளையிலேயே அந்தச் சொல் இருக்கிறதே! தட்டிய உடனே திரையில் தெரியும். வேலை முடிந்துவிட்டதென்று ஸ்கிரிப்ட் நம்பிவிடும். சொல்லின் நடுவில் இரண்டு மேற்கோள்குறிகளைச் செருகித் தட்டினால், தட்டியது வேறு, அச்சானது வேறு என்றாகிவிடும். பின்னணித் திரையின் அகலத்தையும் மறக்காதீர்கள். நாம் வேறு சொல்லாவிட்டால் 80 எழுத்துதான். நீளமான வரி மடிந்துவிடும், தேடுகிற வாசகம் இரண்டாக உடைந்து அகப்படாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், எல்லாக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' என்று சொல்கிற ஒரு ஸ்கிரிப்டைச் சீனியர்கள் எழுதிவைத்திருந்தார்கள். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் ஒரே ஒரு மெஷின் மட்டும் புதிதாக ஒரு கேள்வி கேட்டது: "பழைய அமைப்புகள் அழிந்துவிடும், தொடரலாமா?" ஸ்கிரிப்ட் என்ன சொல்லியிருக்கும்? விடியும்வரை ஒரு கிளைக்கே நெட்வொர்க் இல்லை. விளக்கக் கடிதம் எழுதியது யார் தெரியுமா? எழுதியவர்கள் யாரும் இல்லை. அன்று ஷிஃப்டில் அதை ஓடவிட்ட, சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

டீமக்ஸின் உண்மையான லாபம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் பதில் சொல்லட்டும். தெரியாதது வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நமக்கு ஒரு தகவல் அனுப்பட்டும். நாம் 'அட்டாச்' என்று தட்டினால் அதே திரை, அதே கேள்வியோடு நம் முன்னால் வந்துவிடும். படித்துப் பார்த்து நாமே பதில் சொல்லிவிட்டு, மீதியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். பாஸ்வேர்டுக்கும் இதே வழிதான். அதை ஸ்கிரிப்டில் எழுதிவைக்காதீர்கள்.

இப்போது ஏ.ஐ. உதவியாளர்களையும் இதே சென்ட்-கீஸ், கேப்சர்-பேன் மூலம் டெர்மினலில் உட்காரவைக்கிறார்கள். அவை யோசித்துத் தட்டுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் 'அழிக்கலாமா' என்ற கேள்வி வந்தால் யாரை எழுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்து ஓடவிடச் சொன்னால், "தெரியாத கேள்வி வந்தால் இது என்ன செய்யும் சார்?" என்று கேட்டுவிட்டு ஓடவிடுங்கள். கேட்டதை ஒரு மெயிலிலும் போட்டுவையுங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்வதற்கு முன் அந்தப் புரோகிராமின் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள். கேள்வி கேட்காமலே ஓடுகிற வழி அதிலேயே எழுதியிருந்தால், என் பேச்சை மறந்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

மதியம் கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். டீமக்ஸுக்குக் காசு கிடையாது, லினக்ஸில் ஒரே கட்டளையில் வந்துவிடும். லேப்டாப் இருக்கிறவர்கள் எடுத்து வாங்க, இல்லாதவர்கள் பக்கத்தில் உட்காருங்க. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.