கடன் வாங்கிப் போய் ஜெயித்த தங்கம்

(நெல்லை டவுணில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவு வாசித்தாச்சு. தவணை பாக்கி பற்றியும் பேசியாச்சு. இப்போ நாம் பேசப் போவது விளையாட்டைப் பற்றி. "பீடித் தட்டை மடியில வச்சிருக்கிற எங்களுக்கு விளையாட்டு எதுக்கு மேடம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. காரணம் இருக்கு.

நம்ம கடன் விண்ணப்பத்தில் 'கடன் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஆடு வளர்ப்பு, பாய் முடைதல், பெட்டிக்கடை, மருத்துவம், படிப்பு, கல்யாணம் என்றெல்லாம் எழுதுகிறோம். 'மகளின் விளையாட்டுப் போட்டிச் செலவு' என்று எழுதலாமா? நாங்கள் போய் வருகிற குழுக்களில் இப்போ இந்தக் கேள்வி வர ஆரம்பிச்சிருக்கு. பதிலுக்கு முன்னால் நடந்த சரித்திரம் ஒன்றைச் சொல்கிறோம். அதிலும் பணம் பத்தாத கதை உண்டு, கடன் உண்டு, கடனை அடைத்த விதமும் உண்டு.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை உலக நாடுகள் எல்லாம் கூடி நடத்துகிற விளையாட்டுத் திருவிழாதான் ஒலிம்பிக். 1928ல் அது நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நடந்தது. நெதர்லாந்துக்காரர்களைத்தான் டச்சுக்காரர் என்று சொல்வோம். 1658ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நம்ம தூத்துக்குடியைப் பிடித்து, முத்துக்குளிப்பில் வரி வாங்கினவங்களும் இந்த டச்சுக்காரர்தான்.

அப்போ நம் நாடு வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது. இந்திய ஹாக்கி சங்கம் ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹாக்கி என்றால் வளைந்த மட்டையால் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் கோல் அடிக்கிற ஆட்டம். கோவில்பட்டிப் பக்கம் சொந்தம் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. கப்பலில் அனுப்பத்தான் பணம் பத்தலை. சிலரை விட்டுவிட்டுப் போகிற நிலைமை. அப்போ வங்காள ஹாக்கி சங்கம் முன்வந்து பணம் கொடுத்தது. மார்ச் மாதம் பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பினபோது வழியனுப்ப வந்தவங்க மூணே மூணு பேர்.

அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங். இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிற ஒரு பழங்குடிக் கிராமத்தில் பிறந்து, இங்கிலாந்து வரை போய்ப் படித்தவர். பின்னாளில் அரசியல் சட்டம் எழுதிய சபையில் பழங்குடி மக்களுக்காகப் பேசினவரும் இவர்தான். தியான் சந்த் என்கிற ஆட்டக்காரர் ராணுவத்தில் கீழ்நிலைச் சிப்பாய். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போன அணி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் ஜெயித்தார்கள். அடித்த கோல் 29. வாங்கிய கோல் ஒண்ணுகூட இல்லை. 1928 மே 26ஆம் தேதி கடைசி ஆட்டம், அதே ஊர் டச்சுக்காரர்களோடு. அவங்க மண்ணில், அவங்க சனங்க சுற்றி நின்று கத்தும்போது, 3-0 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. தியான் சந்த் மட்டும் மொத்தம் 14 கோல். திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை.

போகும்போது மூணு பேர், வரும்போது ஊரே. நம்ம நெல்லையப்பர் ஆனித் தேரை நினைச்சுப் பாருங்க. நிலைக்கு வந்து சேர்ந்த தேரை எல்லோரும் கும்பிடுவாங்க. ஆனா முதல்ல வடம் பிடிக்க ஆள் வேணும். அன்றைக்குப் பணம் போட்ட வங்காளத்துக்காரர்கள்தான் அந்த வடம் பிடித்தவர்கள்.

அடுத்த ஒலிம்பிக் 1932ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். உலகமெங்கும் தொழில் படுத்து, வேலை போய், பணமுடை வந்திருந்த காலம் அது. தூரமும் அதிகம். 1928ல் வெள்ளி வாங்கின நெதர்லாந்துகூட ஹாக்கி அணி அனுப்பலை. ஐரோப்பாவிலிருந்து ஹாக்கிக்கு ஒரு நாடும் வரலை. இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என்று மூணே அணிகள்தான்.

நம்ம சங்கத்திடமும் பணம் இல்லை. நன்கொடை கேட்டார்கள், கடனும் வாங்கினார்கள். கடன் வாங்கும்போதே அடைப்பதற்கு வழியையும் யோசித்தார்கள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஊர் ஊராக ஆட்டம் ஆடி, பார்க்க வருகிறவர்களிடம் வசூலாகும் பணத்தைச் செலவுக்கு எடுப்பது என்று ஏற்பாடு. நம்ம பக்கத்து இலங்கையில் கொழும்பில் ஆடிவிட்டு, மே 30ஆம் தேதி கப்பல் ஏறினார்கள். ஜூலை 6ஆம் தேதிதான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் ஜெயித்து மறுபடியும் தங்கம் வாங்கினார்கள்.

தங்கம் வாங்கியாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்று இருந்துவிட முடியலை. கடன் இருக்கே! நெதர்லாந்து, ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி என்று ஐரோப்பாவில் ரெண்டே வாரத்தில் ஒன்பது ஆட்டம் ஆடினார்கள். திரும்பி வந்து இலங்கையிலும் இந்தியாவிலும் ஆடினார்கள். அந்தப் பயணம் முழுக்க 37 ஆட்டம். ஜெயித்தது 34. ரெண்டு சமம், ஒண்ணு பாதியில் நின்றது. தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தவணை கட்டினவங்க அவங்க. தவணைத் தேதியை நினைச்சுத் தூக்கம் கெடுகிற நமக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இதுவரைக்கும் சொன்னது ஆண்கள் கதை. அந்த அணிகளில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அப்போ பெண்கள் எங்கே இருந்தாங்க?

அதே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் ஓட்டம், தாண்டுதல் போட்டிகளில் முதல்முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். டச்சுப் பெண்கள் சொந்த ஊரில் கூட்டு உடற்பயிற்சிப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். உயரம் தாண்டுதலில் லீன் கிசோல்ஃப் என்ற 18 வயது டச்சுப் பிள்ளை வெள்ளி வாங்கியது. 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே, 2 நிமிஷம் 16.8 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார். ரெண்டாவதாக வந்தவர் ஜப்பானைச் சேர்ந்த கினுயே ஹிட்டோமி.

ஓடி முடித்ததும் களைப்பில் சில பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். ஆண்களும் அப்படித்தான் செய்வாங்க. ஆனால் சில பத்திரிகைகள் 'பெண்கள் மயங்கி விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபம்' என்கிற மாதிரி பெரிதாக்கி எழுதின. 'பெண் உடம்பு இதைத் தாங்காது' என்று பெரிய மனுஷங்க பேசினாங்க. அந்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். 1960ஆம் வருஷம்தான் மறுபடி வைத்தார்கள். ஒரு பொய்ப் பேச்சால் 32 வருஷம் போச்சு. ஹாக்கியில் பெண்களுக்கு ஒலிம்பிக் வாசல் திறந்தது 1980ல். ஆண்கள் தங்கம் வாங்கி 52 வருஷம் கழிச்சு!

இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? "வயசுக்கு வந்த பிள்ளை ஓடக் கூடாது, கர்ப்பப்பை இறங்கிரும்" என்று எத்தனை வீட்டில் சொல்லுதாவ! அன்றைக்கு ஐரோப்பாவில் படிச்சவங்க சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது. சத்தான சாப்பாடும் ஓய்வும் கிடைத்தால் ஓடுகிற பிள்ளைக்கு எலும்பும் நெஞ்சும் பலப்படும். உடம்பில் ரத்தம் குறைவு இருந்தால் அதுக்கு மருத்துவம் பார்க்கணும்.

ஆக, நம்ம பிள்ளைகளுக்கு முன்னால ரெண்டு கதவு அடைச்சிருக்கு. ஒண்ணு பணக் கதவு, இன்னொண்ணு பேச்சுக் கதவு. ரெண்டுக்கும் சாவி குழுவில் இருக்கு என்று நாங்கள் நினைக்கிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் வேண்டாம். ஒரு உறுப்பினரின் மகள், பத்தாம் வகுப்பு. ஓட்டத்தில் மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். ஷூ, சாப்பாடு, துணைக்குப் போகும் அம்மாவின் பஸ் செலவு என்று 3,000 ரூபாய் உள்கடன் கேட்டார் தாயார். கூட்டத்தில் ரெண்டு கட்சி ஆகிப் போச்சு. "காசு திரும்ப வருமா? ஓடி என்னத்தக் கண்டா?" என்று ஒரு கட்சி. அப்போ வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "போன மாசம் சடங்கு வீட்டுக்குச் சீர் செய்ய மூவாயிரம் கேட்டப்ப யாரும் இப்படிக் கேக்கலையே. அந்தக் காசு என்ன வருமானம் தந்துச்சு?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. கடன் கொடுக்கத் தீர்மானம் ஆனது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை.

பிள்ளை போய் ஓடினாள். பரிசு எதுவும் வாங்கலை. முதல் சுற்றிலேயே பின்தங்கிவிட்டாள். தாயார் பீடி சுற்றின கூலியில் மாதம் 300 ரூபாயும் வட்டியும் தவறாமல் கட்டி, 3,165 ரூபாயையும் அடைத்துவிட்டார். குழுவுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஆனாலும் "பாத்தியா, வீண்தானே" என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்காங்க. அந்தப் பிள்ளை இன்றைக்கும் காலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கு.

இந்த இடத்தில் நாம் தெளிவாக இருக்கணும். குழுப் பணம் எல்லோரும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். 'பிள்ளை பதக்கம் வாங்கும்' என்று நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கொடுக்கணும். 1932ல் போனவர்கள் கடனை அடைத்தது பதக்கத்தை விற்று இல்லை, மேலும் மேலும் ஆடி உழைத்துத்தான். மருத்துவக் கடனுக்கும் படிப்புக் கடனுக்கும் என்ன விதியோ அதே விதி விளையாட்டுக்கும் இருக்கட்டும். கூடுதல் சலுகை வேண்டாம். கூடுதல் கேள்வியும் வேண்டாம்.

நடைமுறைக்குச் சில விஷயங்கள்:

முதலாவது, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் தேர்வுக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்கணும். எந்தச் செலவைப் பள்ளி ஏற்கிறது, எது நம் கைச் செலவு என்று கேட்டு எழுதணும்.

இரண்டாவது, கடன் கேட்கும் முன் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கணும். தங்கிப் படித்துப் பயிற்சி பெற அரசு விளையாட்டு விடுதிகளும் இருக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதற்குக் கடன் வாங்க வேண்டாமே.

மூன்றாவது, வெளியூர் போகும் பிள்ளைக்குத் துணையாக யார் போகிறார், எங்கே தங்குகிறார்கள் என்பதைக் குழுவில் சொல்லிவிட்டுப் போகணும். "தனியா அனுப்பிட்டா" என்ற ஊர்ப் பேச்சுக்கு அதுவே பதில். பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு.

நான்காவது, சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கணும். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு.

இன்னொரு செய்தி. சுதந்திரத்துக்குப் பிறகு 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் ஓட்டக்காரர் மேரி டிசோசா. அவருக்கும் கைப்பணம் பத்தலை. நண்பர்கள் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அவரும் பதக்கத்தோடு திரும்பலை. ஆனால் அவர் போய் ஓடினதால்தான் 'இந்தியப் பெண் ஒலிம்பிக்கில் ஓடினாள்' என்று இன்றைக்கு நாம் சொல்ல முடிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் 'கடன் நோக்கத்தில் பிள்ளைகளின் விளையாட்டுச் செலவைச் சேர்ப்பது' என்று ஒரு பொருளை வைத்துப் பேசுங்க. சேர்க்கலாம் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, காரணத்தோடு தீர்மானப் பதிவேட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகலைக் கூட்டமைப்புக்குக் கொடுங்க. வேண்டாம் என்று எழுதும் குழு, சடங்குச் செலவுக்கும் அதே கேள்வியைக் கேட்டதா என்பதையும் சேர்த்து எழுதணும்.